விளக்குக்கு உரியவர் யார்: புளோரிடாக் கடற்கரையின் ஒளி விதிகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கு மூலையில், அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் இடையே நீண்டு கிடக்கும் புளோரிடா தீபகற்பத்தின் மணற்கரைகள், உலகில் பெருந்தலை ஆமைகள் மிகுதியாக முட்டையிடும் இரண்டு பெரும் நிலப்பகுதிகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றன; மற்றொன்று அரபிக்கடலில் ஓமான் நாட்டுக்கு உரிய மசீரா தீவு. பெருந்தலை ஆமையுடன், மன்னார் வளைகுடா மீனவர் பேராமை என்று அழைக்கும் பச்சை ஆமையும், முதுகில் ஓடும் வரிகளால் ஏழுவரி ஆமை எனப்படும் உலகின் மிகப் பெரிய கடலாமையும் இதே கரைகளில், மார்ச் தொடங்கி அக்டோபர் வரையிலான மாதங்களில், மணலைத் தோண்டி முட்டையிடுகின்றன. இதே மணலை ஒட்டியே இருபதாம் நூற்றாண்டில் விடுதிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கடலோர நெடுஞ்சாலையும் எழுந்தமையால், ஒருவருடைய வீட்டு முகப்பு விளக்கு எந்த உயரத்தில், எந்தத் திசை நோக்கி, எந்த நிறத்தில் எரியலாம் என்பதை ஓர் உயிரினத்தின் நலன் கருதிச் சட்டத்தால் வரையறுக்கும் முயற்சி அங்கே விரிவாக நடந்தது. ஒளியை உரிமையாளரும் திசையும் உடைய ஒரு பொருளாகக் கண்டதே அந்த விதிகளின் புதுமை. அவை சாதித்தவையும் அவற்றால் எட்ட முடியாமற்போனவையும் அந்த ஒரு பார்வையிலிருந்தே பிறந்தன.

விதிகளைப் புரிந்துகொள்ள ஆமைக் குஞ்சின் கண்ணை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பெருந்தலை ஆமை ஒரு கூட்டில் இடும் நூற்றுச் சொச்சம் முட்டைகள் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பொரிகின்றன. மணல் குளிரும் இரவு நேரத்தில் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து, கடல் எந்தப் பக்கம் என்பதைச் சில நிமிடங்களுக்குள் தாமாகவே தீர்மானிக்கின்றன. மனிதர் கை படாத கரையில் இந்தத் தீர்மானம் எளிது. நிலவையும் விண்மீன்களையும் எதிரொளிக்கும் நீர்ப்பரப்பின் அடிவானம் வெளுத்திருக்க, மணல்மேடும் புதரும் நிலப்பக்கத்தை உயர்ந்த இருளாக மறைத்து நிற்கும். தாழ்வான வெளிச்சத்தை நோக்கியும் உயரமான இருளை விட்டு விலகியும் ஊர்ந்தால் குஞ்சு தவறாமல் நீரை அடையும். நிலப்பக்கத்தில் ஒரு விளக்கு எரியும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிறது. குஞ்சுகள் சாலையை நோக்கியோ வாகன நிறுத்தத்தை நோக்கியோ சென்று, சக்கரங்களில் நசுங்கியும், நண்டுக்கும் எறும்புக்கும் இரையாகியும், விடிந்தபின் வெயிலில் உலர்ந்தும் மடிகின்றன. அருகிலுள்ள வலுவான விளக்கின் கீழ் அவை எந்தத் திசையும் பிடிபடாமல் வட்டமிட்டுச் சோர்வதும் உண்டு. முட்டையிட வரும் தாய் ஆமைக்கும் வெளிச்சம் தடையாகிறது. ஒளிமிக்க கரையில் ஏறத் தயங்கி அது கடலுக்கே திரும்பிவிடுகிறது.

இந்தக் கரைகள் நெடுங்காலம் இருண்டே கிடந்தன. கப்பல்களுக்கு வழிகாட்டிய கலங்கரை விளக்கங்களைத் தவிர இரவில் எரியும் ஒளி அங்கே குறைவு. ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் பங்காளியாகப் பெருஞ்செல்வம் ஈட்டிய ஹென்றி பிளாக்லர் அமைத்த இருப்புப்பாதை 1894-இல் பாம் பீச்சையும் 1896-இல் மயாமியையும் எட்டியதோடு, பனிக்காலத்தில் வடபுலக் குளிருக்கு அஞ்சி வரும் பயணிகளுக்கான விடுதிகள் கடலைப் பார்த்து எழும்பத் தொடங்கின. கடலைப் பார்க்கும் அறைக்கே விலை அதிகம் என்பதால், கட்டடமும் அதன் விளக்கும் மணலின் விளிம்புவரை நகர்ந்தன.

புளோரிடாக் கடற்கரையில் வெளிவிளக்குகளை மறைக்கும்படி பிறந்த கடுமையான ஆணை ஒன்றுக்கு ஆமையோ பறவையோ காரணம் அல்ல; போர்தான் காரணம். 1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கிழக்குக் கரையை ஒட்டிச் சென்ற சரக்குக் கப்பல்களை வேட்டையாடியபோது, கரையோர நகரங்களின் வெளிச்சம் அந்தக் கப்பல்களைக் கருநிழலாகக் காட்டிக்கொடுத்தது. ஏப்ரல் 10 இரவு ஜாக்சன்வில் பீச் நகரத்துக்கு அப்பால் கல்ஃப் அமெரிக்கா என்ற எண்ணெய்க் கப்பல், கரையிலிருந்த கேளிக்கை விளக்குகளின் பின்னணியில் இலக்காகி, யு-123 என்ற நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு 19 பேர் உயிரிழந்தனர். கரையில் நின்ற மக்களின் கண்முன்னே அது எரிந்தது. மறுநாளே ஆளுநர் ஸ்பெசர்ட் ஹாலண்ட் கடலை நோக்கும் விளக்குகளை மறைக்க ஆணையிட்டார். கடலிலிருந்து பார்த்தால் விளக்கு தெரியக்கூடாது என்ற அந்தப் போர்க்கால அளவுகோலை, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஆமைகளுக்காக எழுதப்பட்ட விதிகளின் அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தகும்: கடலுக்குப் பதிலாக மணலிலிருந்து பார்க்க வேண்டும் என்பதைத் தவிர இரண்டுக்கும் வேறுபாடு சிறிதே. போர் ஓய்ந்ததும் அந்த ஆணையும் ஓய்ந்தது. அடுத்து வந்த கட்டுமானப் பெருக்கத்தில் முன்பைவிடப் பன்மடங்கு விளக்குகள், அவற்றுள் பெரும்பாலும் நீலம் கலந்த வெண்ணொளி வீசும் பாதரச ஆவி விளக்குகள், கரை நெடுகிலும் நடப்பட்டன.

அறிவியல் இதற்குள் தன் பங்கைச் செய்யத் தொடங்கியிருந்தது. 1911-இல் டேவன்போர்ட் ஹூக்கரும் 1922-இல் ஜி. எச். பார்க்கரும் பெருந்தலை ஆமைக் குஞ்சுகள் கடலை எவ்வாறு அடைகின்றன என்பது குறித்த சோதனைகளை வெளியிட்டனர். ஆயினும் அவர்களுடைய அக்கறை விலங்கின் புலனறிவைப் பற்றியதே. செயற்கை ஒளியை ஒரு கேடாகப் பெயர் சொல்லிக் குறித்தது, சாலை விளக்குகளால் குஞ்சுகள் திசை தவறியதைப் பற்றி 1963-இல் கோபியா என்ற ஆய்விதழில் மக்ஃபார்லேன் எழுதிய சுருக்கமான குறிப்பு. அதன்பின் கனடாவின் நிக்கோலஸ் முரசோவ்ஸ்கி, இரு கண்களிலும் விழும் ஒளியின் அளவைச் சமன்செய்துகொண்டே குஞ்சு தன் வழியைக் காண்கிறது என்று பல சோதனைகளால் காட்டினார். ஆக, விளக்கு ஆமையைக் கொல்கிறது என்பது சட்டம் விழிக்கும் முன்பே அறியப்பட்ட செய்திதான்.

சட்டம் தாமதமானதற்குக் காரணம் உண்டு. அந்நாளில் கடலாமைக்கு நேர்ந்த ஆபத்து என்றால் இறைச்சிக்கும் முட்டைக்கும் நடந்த வேட்டையே முதலில் நினைவுக்கு வந்தது. புளோரிடா பல்கலைக்கழகத்தின் விலங்கியலாளர் ஆர்ச்சி கார், 1956-இல் வெளியிட்ட நூலால் கரீபியக் கடலின் பச்சை ஆமைகள் அழிந்துவருவதைப் பொதுமக்கள் உணரச் செய்தார். அந்த நூலைப் படித்தவர்களின் முயற்சியால் 1959-இல் கரீபியப் பாதுகாப்புக் கழகம் தோன்றியது. 1973-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் கீழ், 1978-இல் பெருந்தலை ஆமையும் புளோரிடாவில் முட்டையிடும் பச்சை ஆமையும் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பட்டியலிலுள்ள உயிரினத்தை வேட்டையாடுவதோடு, அதற்குத் தீங்கு செய்வதும் அதைத் துன்புறுத்துவதும் அச்சட்டப்படி குற்றம். ஆனால் சட்டம் எழுதப்பட்டபோது மனத்தில் இருந்தது துப்பாக்கியும் வலையும் தாங்கிய கை. கொல்லும் எண்ணம் சிறிதும் இன்றித் தன் வாசல் விளக்கை ஏற்றிவிட்டு உறங்கப்போகும் ஒரு குடியிருப்பவரின் கையை அது எவ்வாறு பிடிக்கும் என்ற கேள்விக்கு உடனடி விடை கிடைக்கவில்லை.

விடையைத் தேடத் தொடங்கியவை தலைநகரங்கள் அல்ல, உள்ளாட்சிகள். நம் மாவட்டத்துக்கு ஏறத்தாழ நிகராக, தனக்கென விதிகளை இயற்றும் அதிகாரமும் கொண்ட அமெரிக்க நிர்வாக அலகு கவுண்டி எனப்படுகிறது. ஏவுதளங்களுக்குப் பெயர்பெற்ற கேப் கனாவெரலைத் தன்னுள் கொண்ட பிரிவார்டு கவுண்டி, 1980-களின் நடுவில் கடற்கரை விளக்குகளுக்கென விதி வகுத்த முன்னோடிகளுள் ஒன்று. பிற கவுண்டிகளும் நகராட்சிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வழியில் சென்றன. முட்டையிடும் பருவத்தில் இரவில் கரைக்குத் தெரியும் விளக்குகளை அணைக்க வேண்டும், அல்லது மறைப்பிட வேண்டும், அல்லது திசை மாற்ற வேண்டும் என்பதே இந்த விதிகளின் உட்கரு. மணலில் நிற்பவரின் கண்ணுக்கு விளக்கின் ஒளிமூலம் தெரிகிறதா என்பதே சோதனை. எந்தக் கருவியும் இன்றி எந்த ஊழியரும் நடத்தக்கூடிய அந்தச் சோதனையின் எளிமையே விதிகளை நடைமுறைக்கு உகந்தவை ஆக்கியது. சான்றும் மணலிலேயே எழுதப்பட்டிருந்தது. விடியற்காலையில் கூடுகளை எண்ணிச் செல்லும் கணக்கெடுப்பாளர்கள், கடலுக்கு எதிர்த்திசையில் விரிந்து செல்லும் குஞ்சுகளின் தடங்களைக் கண்டால், அவை எந்த விளக்கை நோக்கிச் சென்றன என்பதைக் குறித்து அறிக்கை அனுப்பும் முறை ஏற்பட்டது. இருள் குற்றத்துக்குத் துணைபோகும் என்று சொத்துரிமையாளர்களும் விடுதிக்காரர்களும் எழுப்பிய மறுப்பு இலேசாகத் தள்ளத்தக்கது அல்ல. ஆனால் விதிகள் கேட்டது இருளை அல்ல. படிக்கட்டின்மேல் விழ வேண்டிய ஒளி படிக்கட்டின்மேல் மட்டும் விழ வேண்டும் என்பதையே.

எந்த ஒளி தீங்கற்றது என்ற கேள்விக்கு முறையான விடை தந்தவர்களில் முதன்மையானவர் பிளேர் விதரிங்டன். புளோரிடாவின் மெல்போர்ன் பீச்சிலும் கோஸ்டா ரிக்காவின் தோர்துகேரோவிலும் அவர் நடத்தி 1992-இல் வெளியிட்ட சோதனையில், வெண்ணிறப் பாதரச விளக்கு எரிந்த கரைப்பகுதிகளில் தாய் ஆமைகள் ஏறி முட்டையிடுவது வெகுவாகக் குறைய, குறை அழுத்த சோடியம் விளக்கு எரிந்த பகுதிகளில் அத்தகைய குறைவு தென்படவில்லை. குறை அழுத்த சோடியம் விளக்கு என்பது ஏறத்தாழ 589 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட மஞ்சள் ஒளியை மட்டுமே உமிழும் விளக்கு. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு, ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு. நீலமும் பச்சையும் ஆமைக் குஞ்சை வலுவாக ஈர்க்க, மஞ்சளும் சிவப்பும் குறைவாகவே ஈர்க்கின்றன என்ற இந்த அறிவு, விளக்கை அணைப்பதா ஏற்றுவதா என்ற வாக்குவாதத்தை எந்த விளக்கை ஏற்றுவது என்ற உரையாடலாக மாற்றியது. 1993-இல் புளோரிடா மாநிலம், உள்ளாட்சிகள் அப்படியே எடுத்து இயற்றிக்கொள்ளத்தக்க ஒரு மாதிரி விதியை நிர்வாக விதித்தொகுப்பின் 62பி-55 என்ற அதிகாரமாக வெளியிட்டது. கடலைப் பார்க்கும் புதிய கட்டடங்களின் சாளரக் கண்ணாடி, உள்ளிருந்து வெளியே 45 விழுக்காட்டுக்கு மேல் ஒளியைக் கடத்தாத நிறக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பது வரை அது சென்றது. 1996-இல் விதரிங்டனும் எரிக் மார்ட்டினும் எழுதிய தொழில்நுட்ப அறிக்கை, கடற்கரை விளக்குகளை ஆராய்ந்து திருத்துவதற்கான கையேடாகப் பிற நாடுகளுக்கும் பரவியது.

இந்த வரலாற்றின் கனமான பகுதி வொலூசியா கவுண்டியில் நிகழ்ந்தது. டேட்டோனா பீச்சை உள்ளடக்கிய அந்தக் கவுண்டியின் கெட்டியான மணலில் வாகனம் ஓட்டுவது மோட்டார் வாகனம் தோன்றிய காலத்திலிருந்தே உள்ள வழக்கம். 1995-இல் உள்ளூர்வாசிகள் சிலர், பெருந்தலை ஆமையையும் பச்சை ஆமையையும் வாதிகளாகப் பெயரிட்டு, கரையில் ஓடும் வாகனங்களாலும் கரையைத் தொடும் விளக்குகளாலும் ஆமைகளுக்குத் தீங்கு நேர்வதாகக் கவுண்டி மன்றத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். வாழிடத்தைச் சிதைப்பதும் சட்டம் கூறும் தீங்கில் அடங்கலாம் என்று வேறொரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே ஆண்டில்தான். இரவில் கரையில் வாகனம் ஓட்டுவதற்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. விளக்குகளைப் பொறுத்தவரை அவ்வாறு செய்யவில்லை. 1996-இல் மத்திய அரசு வாகனங்கள் தொடர்பாகக் கவுண்டிக்கு ஓர் அனுமதிச்சீட்டு வழங்கியது. சட்டபூர்வமான ஒரு செயலின்போது தவிர்க்க இயலாமல் நேரும் தீங்கைப் பொறுத்துக்கொள்ளும் அனுமதி அது. அந்தச் சீட்டு விளக்குகளால் நேரும் தீங்கையும் மன்னிக்குமா என்பதே மேல்முறையீட்டில் எழுந்த கேள்வி. மன்னிக்காது என்று 1998-இல் பதினோராவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது: தீங்கைக் குறைக்கும் நடவடிக்கைகளின் பட்டியலில் விளக்கு இடம்பெற்றதாலேயே, விளக்கால் நேரும் தீங்குக்கு அனுமதி தரப்பட்டதாகக் கொள்ள முடியாது. வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குத் திரும்பியபோது காற்று திசை மாறியது. பிறர் வீட்டில் எரியும் விளக்குக்கு, அதை ஒழுங்குபடுத்தும் விதியை இயற்றியதாலேயே கவுண்டி பொறுப்பாகிவிடாது என்று 2000-இல் அந்த நீதிமன்றம் முடிவுசெய்தது.

வாதிகள் தோற்றார்கள் என்று இந்த வழக்கை மடித்து வைத்துவிடலாகாது. வாசல் விளக்கின் ஒளியும் சட்டத்தின் கண்ணில் ஒரு செயல், அதற்குப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்ற வாதம் இங்கேதான் உயர்ந்த நீதிமன்றத்தின் முன் பொறுமையாகக் கேட்கப்பட்டது. அந்தப் பொறுப்பாளர் விளக்கின் உரிமையாளரே என்ற முடிவு, விதிகளின் வலிமையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டியது. மணலிலிருந்து தெரியும் விளக்குக்கு உரிமையாளர் உண்டு. அவருக்கு அறிவிப்பு அனுப்பலாம், தண்டம் விதிக்கலாம். ஆனால் கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நகரத்தின் ஆயிரக்கணக்கான விளக்குகள் சேர்ந்து மேகத்தையும் காற்றையும் வெளுக்கச் செய்யும் வானொளிக்கு உரிமையாளர் என்று எவரைச் சுட்டுவது? அந்த ஒளியைச் சேர்த்துக் கொடுக்கும் விளக்கு ஒவ்வொன்றும் தனித்தனியே எந்த விதியையும் மீறவில்லை. புளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சால்மனும் அவருடைய குழுவினரும் போகா ரட்டோன் நகரக் கரையில் கண்டு 1995-இல் வெளியிட்ட உண்மை இதை வியப்பூட்டும் வகையில் விளக்குகிறது: ஆமைகள் உயரமான அடுக்குமாடிக் கட்டடங்களின் எதிரில் திரளாக முட்டையிட்டன. கட்டடங்கள் தமக்குப் பின்னாலுள்ள நகர வெளிச்சத்தை மறைத்து, பழைய மணல்மேடு தந்த இருளை ஓரளவு தந்ததே காரணம். பின்னாளில் அதே நகரின் கடலோரச் சாலையின் ஒரு பகுதியில் கம்ப விளக்குகளை அணைத்துவிட்டு, சாலைத் தளத்திலேயே பதித்த சிறுவிளக்குகளைப் பயன்படுத்திப் பார்த்தபோது குஞ்சுகள் கடலை நோக்கியே சென்றன.

பசிபிக்கில் ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய் தீவிலும் இத்தகைய முயற்சி நடந்திருக்கிறது. அங்கே பாதிக்கப்படுவது மலைப்பொந்துகளில் பிறந்து முதன்முறையாக இரவில் கடலை நோக்கிப் பறக்கும் நியூவெல் நீள்சிறகிக் கடற்பறவை. விளக்குகளுக்கு மேல் மூடியிட்டு வானோக்கிச் செல்லும் ஒளியைத் தடுத்தபோது தரையில் விழும் பறவைகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தன என்று 1985-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆமைக்குக் கடற்பக்கமும் பறவைக்கு வான்பக்கமும் மறைப்பு வேண்டும் என்பதால், ஒரு கரையின் விதியை மறுகரைக்கு அப்படியே பெயர்த்து நடுவது பயன் தராது.

புளோரிடாவின் விதிகள் பயன் தந்தனவா என்ற கேள்விக்கு எண்களை மட்டும் காட்டி விடை சொல்வது நேர்மையாகாது. 1989-இல் தொடங்கிய முறையான கூடு கணக்கெடுப்பில், குறிப்பிட்ட கரைகளில் 1990-களின் தொடக்கத்தில் 300-ஐக்கூட எட்டாத ஆண்டும் இருந்த பச்சை ஆமைக் கூடுகள், 2019-இல் 40 ஆயிரத்தைத் தாண்டின. இறைச்சி வணிகத்துக்கு விழுந்த தடை, இறால் மடிவலைகளில் கட்டாயமாக்கப்பட்ட ஆமை விலக்குக் கருவி, 1991-இல் ஆர்ச்சி காரின் பெயரால் நிறுவப்பட்ட கடற்கரைச் சரணாலயம் ஆகியவற்றுக்கு இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு உண்டு. விளக்கு விதிகளின் தனிப்பங்கைப் பிரித்துக் காட்டுவது அரிது. ஆனால் முட்டையிட வரும் ஆமைகள் பெருகப் பெருக ஒரே ஒரு தவறான விளக்கால் மடியும் குஞ்சுகளும் பெருகும் என்பதால், விதியின் தேவை கூடியிருக்கிறதே அன்றிக் குறையவில்லை. இதற்கிடையே, மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் நீல ஒளியை மீண்டும் கரைக்குக் கொண்டுவந்தன. அதே எல்.இ.டி. நுட்பத்தால் 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட செம்மஞ்சள், சிவப்பு ஒளியை மட்டும் தரும் விளக்கையும் செய்யலாம் என்பதால், விளக்கு தாழ்ந்திருக்க வேண்டும், மறைந்திருக்க வேண்டும், நெடிய அலைநீளம் கொண்டிருக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகள் இன்று அங்கே நடைமுறையாகிவிட்டன. மாநிலத்தின் மாதிரி விதியும் 2020-இல் திருத்தப்பட்டது.

2020-ஆம் ஆண்டு இன்னொரு வகையிலும் குறிக்கத்தக்கது. கடலாமை, கடற்பறவை, வலசைவரும் கரைப்பறவை ஆகியவற்றுக்காக ஆஸ்திரேலியா வகுத்த ஒளி மாசு வழிகாட்டு நெறிகளை, வலசை உயிரினங்கள் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் அவ்வாண்டு பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டன. முக்கிய வாழிடத்திலிருந்து 20 கிலோமீட்டர் தொலைவு வரையுள்ள ஒளியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கூறும் அந்நெறிகள், தனி விளக்கின் எல்லையைத் தாண்டி உரிமையாளரற்ற வானொளியைத் திட்டமிடும் கட்டத்திலேயே பிடிக்க முயல்கின்றன. அவற்றை ஏற்ற மாநாடு கூடிய இடம் குஜராத்தின் காந்திநகர்.

அந்த மாநாட்டை நடத்திய நாட்டின் கிழக்குக் கரையில், தமிழ்நாட்டிலும் ஒடிசாவிலும், பங்குனி ஆமைகள் ஆண்டுதோறும் முட்டையிடுகின்றன. சென்னையில் 1970-களில் ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய தோழர்களும் தொடங்கிய இரவு நடையை, 1988-இல் மாணவர்கள் உருவாக்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இன்றுவரை தொடர்கிறது. நாய்களும் மனித நடமாட்டமும் நகர வெளிச்சமும் நிறைந்த கரையில் முட்டைகளை விட்டுவைக்க இயலாது என்பதாலேயே தன்னார்வலர்களும் வனத்துறையினரும் அவற்றைப் பொரிப்பகங்களுக்கு மாற்றி, பிறந்த குஞ்சுகளை நீரருகே கொண்டுபோய் விடுகிறார்கள். ஜனவரி முதல் மே வரை ஒவ்வோர் இரவும் தன்னார்வலர்கள் செய்யும் இந்தப் பணியின் ஒரு பகுதியை, சரியாகப் பொருத்தப்பட்ட விளக்கே செய்துவிட முடியும். கடலோர மாநகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் தெருவிளக்குக்கான அடுத்த ஒப்பந்தப்புள்ளியைக் கோரும்போது, கம்பத்தின் உயரத்தையும் கடற்பக்க மறைப்பையும் 560 நானோமீட்டர் என்ற எண்ணையும் நிபந்தனைகளாக அதில் எழுதிச் சேர்க்க வேண்டும்.